போரை எங்கே முடிப்பது: கேரம் போர்டில் நடத்தும் மூன்று மணி நேரப் பயிற்சி

போரில் இறங்கிய தலைவர் வெற்றி கிடைக்கும்வரை விடாமல் போக வேண்டுமா, வெளியே வரும் வழியை முதலிலேயே யோசித்து வைக்க வேண்டுமா? இதைப் பட்டிமன்றத் தலைப்பாக வைத்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு அணி வீரம் பேசும், மறு அணி சமாதானம் பேசும், நடுவர் இரண்டு பக்கமும் தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுவார். கேட்டவர்கள் மனசில் எதுவும் நகராது. தலைவரின் நாற்காலியில் உட்கார்ந்து, பணம் கரைவதையும் ஆள் குறைவதையும் கண்ணால் பார்த்துக்கொண்டே, "இன்னும் ஒரு சுற்று" என்று சொல்லத் தோன்றும் அந்த நிமிடத்தை அனுபவித்தால்தான் இந்தக் கேள்வியின் கனம் புரியும்.

அதற்கான பயிற்சி இது. வட சென்னையில் ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்பு, எங்கே பார்த்தாலும் ஒரு மன்றமோ படிப்பகமோ இருக்கும். அங்கே ஒரு கேரம் போர்டு நிச்சயம் இருக்கும். அது போதும். எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: முதல் குண்டு வெடிப்பதற்கு முன்பே முடிவை எழுதி வைக்காத தலைவருக்கு வெற்றியும் கிடைப்பதில்லை, கௌரவமான வெளியேற்றமும் கிடைப்பதில்லை. ஆனால் இதைப் பங்கேற்பாளர்களிடம் பயிற்சிக்கு முன்னால் சொல்லாதீர்கள். போர்டே சொல்லட்டும்.

என்னென்ன வேண்டும்

ஆட்கள் 13 பேர். தலைமை அணியில் நான்கு பேர்: தலைவர், தளபதி, நிதி, வெளியுறவு. எதிரணியில் மூன்று பேர். மக்கள் அணியில் நான்கு பேர். மீதி இருவரில் ஒருவர் நடத்துநர், ஒருவர் குறிப்பெழுதுபவர். ஆள் குறைந்தால் எதிரணியில் குறையுங்கள். மக்கள் அணியில் கை வைக்க வேண்டாம்; அந்த நான்கு பேர் இல்லாவிட்டால் இது வெறும் ஆட்டமாகிவிடும்.

பொருள்கள்: முழு கேரம் செட் (கருப்பு 9, வெள்ளை 9, ரெட் 1). ஏ4 தாள் 8 எடுத்து நான்காக வெட்டினால் 32 சீட்டு வரும். அதில் 12 உத்தரவுச் சீட்டு, 8 சம்பவச் சீட்டு, 11 பாத்திரச் சீட்டு, ஒன்று உபரி. தபால் கவர் 3, பசை, ஸ்கெட்ச் பேனா, சுவரில் ஒட்ட ஒரு சார்ட் பேப்பர், நேரம் பார்க்க ஒரு போன். சீட்டுகளின் மேல் வைக்க ஸ்ட்ரைக்கரோ பூட்டோ ஏதாவது கனமாக வேண்டும். மே மாதத்தில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னால் யாரும் உட்கார மாட்டார்கள், ஓடவிட்டால் சீட்டு பறக்கும்.

போர்டில் போரிக் பவுடர் இருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் முழங்கை பட்டாலே காய்கள் சறுக்கி இடம் மாறும், "எங்ககிட்ட அஞ்சு இருந்தது" என்று அரை மணி நேரம் சண்டை நடக்கும்.

நேரம் ஞாயிறு மதியம் 3.30 முதல் 6.30 வரை. காலையில் வைக்காதீர்கள்: பாதிப் பேர் மீன் வாங்கப் போயிருப்பார்கள், பாதிப் பேர் கோயிலிலோ சர்ச்சிலோ இருப்பார்கள். மூன்று மணி நேரத்தை இப்படிப் பிரியுங்கள்: விளக்கம் 30 நிமிடம், கவர் எழுத 20, ஆறு சுற்றுக்கு 15 வீதம் 90, கடைசி உரையாடல் 40. அந்த 40 நிமிடத்தை மட்டும் யாருக்காகவும் வெட்டாதீர்கள்.

கவர்: பயிற்சியின் உயிர்நாடி

காய்களைத் தொடுவதற்கு முன்பே தலைமை அணி ஒரு தாளில் ஐந்து விடை எழுத வேண்டும். எதற்காகப் போகிறோம், ஒரே வாக்கியத்தில். வேலை முடிந்தது என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வோம். எத்தனை கருப்பு (படை), எத்தனை வெள்ளை (கையிருப்பு) போனால் நிறுத்துவோம். யாரோடு பேசி முடிப்போம். நாம் கிளம்பிய பிறகு அந்த இடத்தை யார் கையில் விடுவோம். எழுதி, கவரில் போட்டு, ஒட்டி, நடத்துநரிடம் கொடுத்துவிட வேண்டும். எதிரணியும் தனியாக ஒரு கவர் எழுத வேண்டும். அவர்களுக்கும் ஒரு நோக்கமும் ஒரு வரம்பும் உண்டு. இதை எழுத வைக்காவிட்டால் எதிரணி சினிமா வில்லன் மாதிரி ஆடும், அந்த ஆட்டத்திலிருந்து யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

நடத்துநர் இங்கே கறாராக இருக்க வேண்டும். இரண்டாவது விடையில் "வெற்றி", "அமைதி", "தீவிரவாதத்தை ஒழிப்பது" என்று வந்தால் தாளைத் திருப்பிக் கொடுங்கள். வெளியாள் ஒருவர் அந்த ஊர் வாசலில் நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற அடையாளமாக இருக்க வேண்டும். "அவர்கள் படை ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது, கைதிகள் வீடு திரும்பிவிட்டார்கள்" என்பது அடையாளம். "எதிரி பாடம் கற்றுக்கொண்டான்" என்பது அடையாளம் ஆகாது. கற்றுக்கொண்டானா என்று யாராலும் பார்க்க முடியாது, அதனால் அந்தப் போருக்கு முடிவே கிடையாது.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், போர் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 1950 ஜூனில் வடகொரியா படையெடுத்தபோது ஐ.நா. பெயரில் போன அமெரிக்கத் தலைமையிலான படையின் வேலை, வந்தவர்களை இரு கொரியாவுக்கும் எல்லையாக இருந்த 38-வது இணைகோட்டுக்கு அப்பால் தள்ளுவது. செப்டம்பர் 15-ல் தென்கொரியத் துறைமுகமான இஞ்சோனில் இறங்கிய பிறகு அது ஏறக்குறைய முடிந்துவிட்டது. அப்போது நோக்கம் மாறியது: மேலே போய் கொரியா முழுவதையும் ஒன்றாக்கிவிடலாம் என்றார்கள். அக்டோபரில் கோட்டைத் தாண்டினார்கள், சீனா உள்ளே வந்தது. 1951 ஜூலையில் பேச்சுவார்த்தை தொடங்கி, கைதிகளைத் திருப்பி அனுப்பும் விஷயத்தில் இழுபறியாகி, 1953 ஜூலை 27-ல்தான் போர்நிறுத்தம் வந்தது. கோடு பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றது.

இந்தக் கதையை விளக்க நேரத்தில் சொல்லிவிடாதீர்கள். நான்காம் சுற்று முடிந்ததும் கவரைப் பிரித்து வாசிக்கும்போது சொல்லுங்கள். கையில் தங்கள் எழுத்தையே வைத்துக்கொண்டு கேட்கும்போது அது வேறு மாதிரி இறங்கும்.

காய்களும் விதிகளும்

கருப்பு என்றால் படை, வெள்ளை என்றால் கையிருப்பு. தலைமைக்குக் கருப்பு 6, வெள்ளை 6. எதிரணிக்குக் கருப்பு 3, வெள்ளை 3. ரெட் நடுவில் இருக்கும். அதுதான் அவர்கள் தலைநகரம். செலவாகும் காய்கள் எல்லாம் ஒரே பாக்கெட்டில் விழும். ஒரு சுற்று என்பது ஆறு மாதம். முதல் தடவைக்கு உண்மையான நாட்டுப் பெயர் வேண்டாம். மேட்டுநாட்டின் படை ஆற்றுநாட்டுக்குள் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு சுற்றிலும் 6 நிமிடம் ஆலோசனை, 2 நிமிடத்தில் உத்தரவு எழுதுதல், 4 நிமிடத்தில் முடிவு, 3 நிமிடத்தில் மக்கள் வாக்கு. உத்தரவு மூன்றே மூன்று: அடி, நில், பேசு. இரு அணியும் மறைவாக எழுதி ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும்.

இருவரும் அடித்தால் இருவருக்கும் ஒரு கருப்பு போகும். ஒருவர் அடித்து மற்றவர் நின்றால், நின்றவருக்கு ஒரு கருப்பு போகும். பேச வந்தவரை அடித்தாலும் அவருக்கு ஒரு கருப்பு போகும். ஆனால் அடித்தது தலைமை என்றால் அந்தச் சுற்றில் மக்கள் வாக்கு கிடையாது. இருவரும் பேசினால் 5 நிமிடம் நேருக்கு நேர் உட்காரலாம், அந்த நேரத்தை அடுத்த சுற்றின் ஆலோசனையிலிருந்து எடுங்கள். மற்றபடி எதுவும் நகராது. அடி என்று எழுதும் ஒவ்வொரு முறையும், எந்த அணியானாலும் ஒரு வெள்ளை கட்ட வேண்டும்.

இனி வருவதுதான் முக்கியம். தலைமையின் ஒரு கருப்பாவது போர்டில் இருக்கும்வரை சுற்றுக்கு ஒரு வெள்ளை இருப்புச் செலவு. அடித்தாலும் உண்டு, சும்மா நின்றாலும் உண்டு. எதிரணிக்கு அந்தச் செலவு கிடையாது. அது அவர்கள் வீடு. அதோடு ஒவ்வொரு இரண்டாவது சுற்றின் முடிவிலும் எதிரணி பாக்கெட்டிலிருந்து ஒரு கருப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வெளியிலிருந்து போன படைக்கும் அந்த மண்ணில் பிறந்தவர்களுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க இந்த இரண்டு விதியில் அடங்கியிருக்கிறது.

மக்கள் அணி சுற்று முடிவில் கை தூக்கி வாக்களிக்கும். பெரும்பான்மை ஆதரித்தால் பாக்கெட்டிலிருந்து ஒரு வெள்ளை தலைமைக்குத் திரும்பும். தொடர்ந்து இரண்டு முறை கை தூக்காவிட்டால், அடுத்த சுற்றில் தலைமை "அடி" எழுத முடியாது. குரல் வாக்கு வேண்டாம். தெருவில் கன்டெய்னர் லாரி போனால் ஒன்றும் கேட்காது, சத்தமாகக் கத்துபவர் ஜெயித்துவிடுவார்.

எதிரணியின் கருப்பு ஒன்றாகக் குறைந்தால் தலைமை ரெட்டை எடுக்கலாம். கேரம் ஆடுகிறவர்களுக்கு அடுத்ததை விளக்கவே வேண்டாம்: ரெட்டைப் போட்டால் ஃபாலோ, அதாவது உடனே தன் காய் ஒன்றையும், போட வேண்டும், இல்லாவிட்டால் ரெட் நடுவுக்குத் திரும்பும். இங்கே ஃபாலோ என்பது அடுத்த சுற்றிலேயே இரண்டு வெள்ளையும் ஒரு கருப்பும் வைத்து, மூன்று வரி எழுதிக் கொடுப்பது: இனி ஆட்சி யாருடையது, போலீசுக்கும் ஆசிரியருக்கும் சம்பளம் யார் கொடுப்பது, நம் படை எந்தச் சுற்றில் கிளம்புகிறது. வைக்க முடியாவிட்டால் ரெட் திரும்ப நடுவுக்குப் போகும், எதிரணிக்கு பாக்கெட்டிலிருந்து இரண்டு கருப்பு சேரும்.

கணக்கை நடத்துநர் முன்கூட்டியே போட்டுப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு சுற்றும் தலைமை அடித்து, மக்கள் இரண்டு முறையும் கை தூக்கினால், 6 வெள்ளையில் 4 மிஞ்சும். ரெட் கைக்கு வந்துவிடும். மூன்றாம் சுற்றில் இருப்புச் செலவு 1, ஃபாலோ 2. மிச்சம் ஒன்று. ஆனால் அந்த இரண்டு சுற்றிலும் எதிரணி "பேசு" என்று எழுதி அடி வாங்கியிருந்தால் மக்கள் வாக்கு கிடைத்திருக்காது, கையில் இரண்டுதான் இருக்கும், ஃபாலோ போட முடியாது. போர்க்களத்தில் தோற்றுக்கொண்டே எதிரணி ஜெயிக்கும் வழி அது. இதை அவர்களே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லித்தராதீர்கள்.

ரெட்டை எடுத்து ஃபாலோவை மறந்ததற்குப் பெரிய சாட்சி ஈராக். 2003 ஏப்ரலில் பாக்தாத் விழுந்தது. மே மாதமே ஈராக்கிய ராணுவத்தைக் கலைத்து உத்தரவு வந்தது. சம்பளம் போன, ஆயுதம் பழகிய லட்சக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். நம் விதியில் எதிரணிக்குச் சேரும் இரண்டு கருப்பு அதுதான். மாறாக 1971-ஐப் பாருங்கள். சீனா உள்ளே வர முடியாதபடி பனி இமயமலைக் கணவாய்களை மூடும் காலம்வரை இந்தியா காத்திருந்தது. ஆகஸ்டில் சோவியத்தோடு ஒப்பந்தம் போட்டது. வங்கதேசத்தின் தற்காலிக அரசு ஏப்ரலிலேயே அமைந்துவிட்டது, அதாவது ஃபாலோ காய் முன்பே குழி வாசலில் நின்றது. டிசம்பர் 3-ல் தொடங்கிய முழுப் போர் 16-ல் டாக்காவில் சரணாகதியோடு முடிந்தது. 1972 மார்ச்சில் இந்தியப் படை விடைபெற்றுக் கிளம்பியது. வெற்றியா வெளியேற்றமா என்ற கேள்வியே அங்கே எழவில்லை, இரண்டும் ஒரே தாளில் இருந்ததால்.

கிளம்புவதற்கும் காசு வேண்டும்

ஒரு சுற்றில் மூன்று கருப்புக்கு மேல் வெளியே எடுக்க முடியாது. ஐந்தோ ஆறோ போர்டில் இருந்தால் இரண்டு சுற்று பிடிக்கும், இரண்டு வெள்ளை செலவாகும். வெள்ளை தீர்ந்தபோது போர்டில் நிற்கிற கருப்பு எல்லாம் பாக்கெட்டில் விழும். எல்லா அணியும் அடி வாங்குவது இங்கேதான். கடைசி வெள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு "இன்னொரு தபா அடிச்சா ரெட்டு நம்மளுது, பக்கத்துலதான் கீது தலைவா" என்று தளபதி சொல்வார், நிதி மந்திரி பேசாமல் இருப்பார், தலைவர் அடி என்று எழுதுவார். அடுத்த சுற்றில் படையைக் கொண்டுவரக் கப்பல் இல்லை. குறிப்பெழுதுபவர் இந்த நிமிடத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று வார்த்தை மாறாமல் எழுதிக்கொள்ள வேண்டும்.

சோவியத் படை ஆப்கானிஸ்தானிலிருந்து கிளம்ப 1988 மே 15 முதல் 1989 பிப்ரவரி 15 வரை ஒன்பது மாதம் ஆனது; அதுவும் ஜெனீவா ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு. நமக்கு நெருக்கமான உதாரணம் இன்னும் கசப்பானது. 1987 ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தம் போட்டார்கள். ஆயுத ஒப்படைப்பைக் கவனிக்கப் போன இந்திய அமைதிப்படை, அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போரிட்டுக்கொண்டிருந்தது. யாரைக் காக்கப் போனார்களோ அந்தத் தமிழ் மக்களே நடுவில் மாட்டி உயிரிழந்தார்கள். சுமார் 1,200 இந்திய வீரர்கள் இறந்தார்கள். 1989 ஜூனில் அடுத்த ஜனாதிபதி பிரேமதாசா வெளியேறச் சொன்னார். கடைசிப் பிரிவு கிளம்பியது 1990 மார்ச் 24. அந்த மாதம் நம் துறைமுகத்தில் வந்து இறங்கிய படையை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. அமைதிப்படையின் துணையில் நின்ற வடகிழக்கு மாகாண அரசும் அந்த மாதத்திலேயே குலைந்தது. கவரின் ஐந்து கேள்வியையும் இந்த ஒரு போருக்குப் பொருத்திப் பாருங்கள்: எதற்கும் போன நாளில் எழுதி வைத்த விடை இருந்ததாகத் தெரியாது.

மூன்றாவது கவர் கிளம்பும் தேதிக்கு. தலைமை அதை மூடியே வைக்கலாம், அல்லது எல்லோருக்கும் அறிவிக்கலாம். அறிவித்தால் மக்கள் அணி ஒரு வெள்ளை உடனே தரும். எதிரணியோ சும்மா நின்று அந்தத் தேதிக்குக் காத்திருக்கும். 2009 டிசம்பரில் ஒபாமா ஆப்கானிஸ்தானுக்கு 30,000 வீரர்களைக் கூடுதலாக அனுப்புவதாக அறிவித்த அதே உரையில், 2011 ஜூலையில் திரும்பத் தொடங்குவார்கள் என்றும் சொன்னார். 2020 பிப்ரவரியில் அமெரிக்கா தாலிபானோடு போட்ட தோஹா ஒப்பந்தத்திலும் தேதி இருந்தது. காபூல் அரசு அந்த மேசையிலேயே இல்லை. 2021 ஆகஸ்ட் 15-ல் தாலிபான் காபூலுக்குள் நுழைந்தது. தேதி சொன்னால் எதிரி காத்திருப்பான், சொல்லாவிட்டால் நாமே காத்துக்கொண்டே இருப்போம். எங்கள் யோசனை: நிபந்தனை வெளியில், தேதி உள்ளே. தேதியே இல்லாமல் நிபந்தனை மட்டும் வைத்த போர்கள் தலைமுறை தாண்டி ஓடியிருக்கின்றன.

சம்பவச் சீட்டுகள்

இரண்டாம் சுற்று முதல் ஐந்தாம் சுற்று வரை ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஒன்று எடுங்கள். எட்டு எழுதி நான்கு பயன்படுத்துவது நல்லது. எது வரும் என்று யாருக்கும் தெரியக்கூடாது. எழுத வேண்டியவை: மழைக்காலம், பாதை துண்டிப்பு, இந்தச் சுற்றில் அடிக்க இரண்டு வெள்ளை. நட்பு நாடு கழன்றுகொண்டது, ஒரு வெள்ளை குறைகிறது. தேர்தலுக்கு ஆறு மாதம், மக்கள் வாக்கு இந்த முறை இரண்டு மடங்கு. எதிரணி அசிங்கமான நிபந்தனையோடு போர்நிறுத்தம் கேட்கிறது. பக்கத்து நாடு எதிரணிக்கு எல்லையைத் திறந்தது, ஒரு கருப்பு சேர்கிறது. நம் படை பொதுமக்களைச் சுட்டதாகப் படம் வெளியானது, மக்கள் அணி விளக்கம் கேட்கலாம். தளபதி "ஆறே மாதம் போதும்" என்று எழுத்தில் தருகிறார். எதிரணித் தலைவர் கொல்லப்பட்டார்.

எதிரணித் தலைவர் கொல்லப்பட்ட சீட்டு வரும்போது தலைமை அணி கைதட்டும். ஒரு நிமிடம் விட்டு, கவரின் நான்காவது விடையை அவர்களுக்கு நினைவூட்டுங்கள்: கையெழுத்துப் போட வேண்டிய ஆள் இப்போது இல்லை.

எங்கே கெடும், ஏன்

கேரம் போர்டைப் பார்த்ததும் கூட்டம் சேரும். சுற்றி நிற்பவர் எல்லோரும் "அத்த அடிங்கண்ணா" என்று யோசனை சொல்வார்கள். விரட்டாதீர்கள். வாய் திறப்பவரை மக்கள் அணியில் உட்கார வையுங்கள். வாக்கும் வரும், பொறுப்பும் வரும்.

யாரும் "பேசு" என்றே எழுதாமல் ஆறு சுற்றும் ஓடிவிடும் அபாயம் உண்டு. ஜெயித்தது யார் என்று அறிவிப்பீர்கள் என அவர்கள் நினைப்பதுதான் காரணம். தொடக்கத்திலேயே சொல்லுங்கள்: ஜெயித்தவர் என்று யாரும் இல்லை, கவரில் எழுதியதும் கடைசியில் போர்டில் இருப்பதும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது மட்டும்தான் பார்க்கப்படும்.

மக்கள் அணியில் உயிர் இல்லாமல் போவது அடுத்தது. பாத்திரச் சீட்டில் "பொதுமக்கள் 1, 2" என்று எழுதினால் அப்படித்தான் ஆகும். தண்டையார்பேட்டை எண்ணெய்க் கிடங்கில் ஷிப்ட் பார்க்கும் தொழிலாளி என்று எழுதுங்கள். 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னையைச் சுட்டபோது முதலில் எரிந்தது துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள்தான், அந்த வேலைக்காரருக்குப் போர் வேறு மாதிரி தெரியும். இரண்டு மகன்களில் ஒருவனைப் படைக்கு அனுப்பிய அம்மா. கடல் மூடப்பட்டால் அடுப்பு எரியாத மீனவர். நான்காமவர் எல்லை ஓரத்து ஊர்க்காரராக இருக்கட்டும். 1940 மார்ச்சில் பின்லாந்து சோவியத்தோடு சமாதானம் செய்து நாட்டைக் காப்பாற்றிக்கொண்டது; ஆனால் எல்லைப் பகுதியான கரேலியாவைக் கொடுத்ததில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வந்தார்கள். வெளியேற்றத்தின் விலையை எப்போதும் குறிப்பிட்ட சிலர்தான் கட்டுகிறார்கள். அவர்களுக்கும் ஒரு நாற்காலி வேண்டும்.

"இத்தனை பேர் செத்தாங்களே, இப்ப வந்துட்டா அவங்களுக்கு என்ன பதில்?" நான்காம் சுற்றில் இந்தக் கேள்வி நிச்சயம் வரும். பெரும்பாலும் அந்த அம்மா பாத்திரத்திலிருந்து வரும். இதை யாரும் சாமர்த்தியமாக மடக்கிவிட விடாதீர்கள், கேள்வி நியாயமானது. அமைதி ஆன பிறகு இன்னொரு கேள்வியைப் பக்கத்தில் வையுங்கள்: அடுத்த சுற்றில் போகப்போகிறவர்களின் அம்மாவுக்கு என்ன பதில்? 1969 ஜனவரியில் நிக்சன் பதவியேற்றபோதே வியட்நாமிலிருந்து வெளியேறுவதுதான் பேச்சு. பாரிஸ் ஒப்பந்தம் 1973 ஜனவரியில்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் 20,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள், வியட்நாமியர் அதைவிடப் பல மடங்கு. 1975 ஏப்ரல் 30-ல் சைகோன் எப்படியும் விழுந்தது.

இன்னொரு தவறு நடத்துநர் பக்கம் நடக்கும்: "வெளியேறுவதே சரி" என்று ஆட்டத்தைச் சாய்த்துவிடுவது. அதைத் தடுக்கத்தான் இரண்டாவது அமர்வு.

இரண்டாவது அமர்வு: வீட்டுக்காரர் பக்கம்

அடுத்த முறை அணிகளை மாற்றுங்கள். தலைமை இப்போது ஆற்றுநாட்டில் இருக்கிறது. படையெடுத்து வந்தவர் எதிரணி. இருப்புச் செலவு எதிரணிக்கு. தலைமையின் கவரில் ஐந்தாவது கேள்வியை மாற்றுங்கள்: எந்த இடத்தில் கோடு விழுந்தால் நிறுத்துவோம்? சொந்த மண்ணில் நிற்பவரிடம் "எப்போது கிளம்புவாய்" என்று கேட்க முடியாது. அவர் கிளம்பிப் போக இடம் இல்லை. 1943 ஜனவரியில் காசாபிளாங்காவில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் நிபந்தனையற்ற சரணாகதிதான் நோக்கம் என்றார்கள். நாஜி ஆட்சியோடு பாதி வழியில் கைகுலுக்கி முடிக்கக்கூடிய போர் அது என்று நாங்கள் நினைக்கவில்லை. ஆனால் கவனியுங்கள்: முழு வெற்றி கேட்ட அவர்களும் 1944 செப்டம்பரிலேயே, பெர்லின் விழ எட்டு மாதம் இருக்கும்போதே, ஜெர்மனியில் யார் எந்தப் பகுதியை நிர்வகிப்பது என்று வரைபடம் போட்டுவிட்டார்கள்.

வீட்டுக்காரருக்கும் நிறுத்த வேண்டிய இடம் ஒன்று வரும். ஈராக் தாக்கியதால் போரில் இறங்கிய ஈரான், 1982 மே மாதத்தில் தன் கோரம்ஷார் நகரை மீட்டது. படையெடுத்தவர் ஏறக்குறைய வெளியே போய்விட்டார். ஜூலையில் ஈரான் எல்லையைத் தாண்டி ஈராக்குக்குள் போனது. போர் இன்னும் ஆறு வருடம் நடந்து, 1988-ல் பழைய எல்லையிலேயே நின்றது. இந்த அமர்வில் எதிரணியின் கருப்பு ஒன்றாகும் தருணத்தில் ஆட்டத்தை நிறுத்தி, தலைமையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அவர்கள் ஊருக்குள் போகப்போகிறீர்களா?

இலங்கைப் போர் முடிந்த 2009-ஐ முதல் இரண்டு அமர்விலும் தொடாதீர்கள். இந்தப் பக்கத்தில் அந்தப் போரில் சொந்தத்தை இழந்தவர்களோ, முகாமில் வளர்ந்தவர்களோ கூட்டத்தில் இருக்கலாம். காய்களை வைத்து அதை ஆடுவது தவறு. எடுப்பதானால் தனி அமர்வாக, போர்டு இல்லாமல், ஆவணங்களை வாசித்துப் பேசுங்கள். கொழும்பு அரசு பேச்சை விட்டு முழு வெற்றியைத் தேர்ந்தெடுத்தது, மே மாதம் முள்ளிவாய்க்காலில் அதை அடைந்தது. கடைசிக் கட்டத்தில் 40,000 பேர்வரை பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை என்று ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011-ல் எழுதியது. காணாமல் போனவர்களின் தாய்மார்கள் அதற்குப் பிறகு வருடக்கணக்கில் தெருவில் உட்கார்ந்திருந்தார்கள். 1987-லேயே வாக்குறுதி தந்த மாகாண அதிகாரங்கள் முழுமையாக வந்து சேரவில்லை. போரில் வென்றது ஒரு கேள்வி, எதை முடித்தார்கள் என்பது வேறு கேள்வி. இரண்டையும் பிரித்தே கேளுங்கள். புலிகளின் தலைமை எந்தெந்தத் தருணங்களில் பேசி நிறுத்தியிருக்க முடியும் என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

கடைசி நாற்பது நிமிடம்

பேசும் வரிசை: முதலில் மக்கள் அணி, பிறகு எதிரணி, கடைசியில் தலைமை. தலைவர் முதலில் பேசினால் நியாயப்படுத்தத் தொடங்குவார், மற்ற எல்லோரும் அதற்குப் பதில் சொல்வதிலேயே நேரம் போய்விடும். இரண்டு கவரையும் போர்டின் நிலையையும் சார்ட் பேப்பரில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். குறிப்பெழுதுபவர் எந்தச் சுற்றில் நோக்கம் மாறியது, அந்த மாற்றத்தை யாராவது வாய்விட்டுச் சொன்னார்களா என்று வாசிக்கட்டும். பெரும்பாலும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அது தானாக நழுவியிருக்கும். நிதி பொறுப்பில் இருந்தவரிடம் தனியாகக் கேளுங்கள்: வெள்ளை தீர்கிறது என்று எந்தச் சுற்றில் தெரிந்தது, ஏன் அப்போதே சொல்லவில்லை?

கிளம்பும் முன் காய்களை எண்ணுங்கள். 19 இருக்க வேண்டும், ரெட்டையும் சேர்த்து. தலைமை அணியின் கவரை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். எதிரணியின் கவரை நடத்துநர் வைத்துக்கொண்டு, அடுத்த அமர்வில் அதே எதிரணியைத் தலைமையில் உட்கார வைக்கும்போது எடுத்து வாருங்கள்.